அத்தான் சார்ஜ் எடுத்த வரலாறு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, புகை விட்டுக்கொண்டு வெகுகாலம் தெருத்தெருவாக அலைந்தது. கடைசியில் புத்தி தெளிந்து எங்கள் அலுவலகத்தைக் கண்டுபிடித்தது. இனிக் கண்டுபிடிப்பதற்கு மனித குலத்துக்கு வேலை ஏதும் பாக்கியில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அலுவலகத்தின் பெயர் மின்வாகன ஊக்குவிப்பு இயக்ககம். பெயரிலேயே இயக்கம் இருப்பதால் உள்ளே தனியாக வேறு இயக்கம் தேவைப்படுவதில்லை. நான் அங்கே உதவியாளர். யாருக்கு உதவி என்று கேட்பவர்களுக்கு அலுவலக நடைமுறை தெரியாது என்று அர்த்தம்.

வாசலில் நுழைந்ததும் ஒரு பச்சைத் தூண் நிற்கும். வெளியூரிலிருந்து வரும் மின்சார வண்டிகள் பேட்டரிக்கு மின்சாரம் பெற்றுச் செல்வதற்காக நிறுவப்பட்ட தூண். திறப்பு விழாவில் நாடாவை வெட்டிய வேகத்தில் பின்னால் இருந்த கம்பியையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள் என்று ஊரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது அபாண்டம். அந்தத் தூணில் கம்பி என்ற ஒன்று எப்போதுமே இருந்ததில்லை.

வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ‘நாளைய நகரம்’. தெருவுக்குத் தெரு கட்டைவிரல் உயரத்தில் மின்னேற்ற நிலையங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை பல்பு. குட்டிக் குட்டி பைக்குகள் தண்டவாளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அலுவலகம் திறந்தது முதல் பூட்டும்வரை அணையாமல் எரியும் இந்த நகரத்துக்கு ஒரு பிளக் பாயிண்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற பிளக் பாயிண்டுகளும் சும்மா இல்லை. தலைமை எழுத்தரின் கால் பிடித்துவிடும் இயந்திரம், கணக்குப் பிரிவு அம்மாவின் வெந்நீர்க் கெட்டில், இயக்குநர் அறையின் செயற்கை அருவி, மீன் தொட்டி என்று எல்லாமே முழுநேரப் பணியில் இருக்கின்றன. சிலர் மீன் தொட்டியைக் குறை சொல்வார்கள். மூச்சு விடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் அங்கே இருப்பவை மீன்கள் மட்டும்தானா என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

எங்கள் இயக்குநர் டீசல் கார் வைத்திருந்தார். சீட் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக அது நாள் முழுவதும் முற்றத்தில் உறுமிக்கொண்டே நிற்கும். எதிரியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கண்காணித்த அந்தத் தியாகத்தைப் புரிந்துகொள்ளாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் உண்டு.

இவ்வளவு பெருமைக்கும் சிகரமாக இருந்தது சொல்லாக்கக் குழு. பேட்டரிக்கு ‘சார்ஜ்’ போடுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டிய குழு. அதில் இரண்டு கட்சி இருந்தது. மின்னேற்றம் என்பவர்கள் ஏற்றக் கட்சி. மின்னூட்டம் என்பவர்கள் ஊட்டக் கட்சி.

“ஏத்துறதுன்னா லாரியில மூட்டை ஏத்துறது. பேட்டரி என்ன லாரியா?” என்பார் ஊட்டக் கட்சித் தலைவர்.

“ஊட்டுறதுன்னா குழந்தைக்குச் சோறு. பேட்டரி என்ன குழந்தையா?” என்பார் ஏற்றக் கட்சித் தலைவர்.

“நேரா நேரத்துக்குக் குடுக்கணும். குடுக்கலைன்னா நடுத்தெருவுல உக்காந்துக்கும். குழந்தை இல்லாம வேற என்ன?”

முடிவு எட்டப்படும்வரை ஓர் இடைக்கால ஆணை பிறப்பிக்கப்பட்டது. பேட்டரி சம்பந்தமாக ‘சார்ஜ்’ என்ற அந்நியச் சொல்லை அலுவலக வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. பதவியை ஒப்படைப்பது, பதவியை ஏற்பது ஆகிய புனிதமான காரியங்களுக்கு மட்டும் அந்தச் சொல் அனுமதிக்கப்படும். ஆகவே எங்கள் அலுவலகத்தில் ‘சார்ஜ்’ என்றால் நாற்காலி. பேட்டரிக்குத் தேவைப்படுவது எதுவோ அதற்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. பெயர் வைக்காத ஒன்றை ஒருவருக்குக் கொடுப்பது எப்படிச் சட்டப்படி சாத்தியம்?

இந்தச் சூழ்நிலையில்தான் என் அத்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். தையற்காரர். பேன்ட்டின் நீளத்தில் நூலளவு தப்பு வராது. ஆனால் நேரத்தில் மட்டும் மனிதர் எப்போதும் தளர்வாகத்தான் வெட்டுவார். கல்யாணத்துக்கே மாப்பிள்ளை லேட். பிள்ளை பிறந்ததைப் பார்க்கப் போனபோது பிள்ளை தூங்கி எழுந்து அழுது மறுபடி தூங்கியிருந்தது. அக்கா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னால் அது பொய். சேர்த்து வைத்துக்கொண்டாள்.

போன வாரம் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு, கட்டுப் போடாத கண்ணால் அத்தானைப் பார்த்து, நானும் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டிஸ்சார்ஜ். நாலு மணிக்கு நீங்க அந்த வாசல்ல நிக்கணும். நிக்கலைன்னா நான் நேரா தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. அப்படியே.”

“வந்துடுவேன். புது வண்டி இருக்கில்ல” என்றார் அத்தான்.

புது வண்டி என்பது எலெக்ட்ரிக் பைக். வாங்கச் சொன்னது நான். “வழியில பேட்டரி தீர்ந்துட்டா என்ன பண்றது மாப்ளே?” என்று அவர் கேட்டபோது, “எங்க ஆபீஸ் நடுவழியிலதானே இருக்கு அத்தான். அதுக்குன்னே ஒரு ஆபீஸ் வெச்சிருக்கோம்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் நான்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவின் எச்சரிக்கையைச் சொன்னேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள். “அண்ணி தாராளமா வரட்டும். நான் எங்க அம்மா வீட்டுக்குப் போய்க்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் இன்சார்ஜ்.”

ஆக, வெள்ளிக்கிழமை நாலு மணியை நம்பி இரண்டு குடித்தனங்கள் இருந்தன.

அத்தான் அன்று சீக்கிரமே கிளம்பினார். இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அக்காவின் புதுக் கண்ணில் முதலில் படப்போவது தானாக இருப்பதால், கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். எங்கள் அலுவலகத்துக்கு முந்தின மேட்டில் வண்டி முனகிவிட்டு நின்றது. தள்ளிக்கொண்டு வந்து பச்சைத் தூணில் சொருகினார். வெயிலில் காத்திருந்தார். மீட்டரில் ஒரு கோடுகூட ஏறவில்லை.

“இது எவ்வளவு நேரமாகும்?” என்று காவலாளியைக் கேட்டிருக்கிறார்.

“தெரியலைங்க. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து யாருக்கும் முடியலை.”

எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் மாடியில் சொல்லாக்கக் குழுவில் இருந்தேன். அங்கே போனை அணைத்துவிட வேண்டும். அத்தான் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றினார். கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய மனிதர்கள் கொண்டுவரும் பெட்டி மாதிரியே இருக்கும். கறுப்புக் கோட், ஹெல்மெட், கையில் பெட்டி. இப்படி உள்ளே நுழைந்து, தலைமை எழுத்தர் முன்னால் நின்றார்.

எங்கள் இயக்குநருக்கு அப்போது மாற்றல் வந்திருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். இதைவிடக் குளிர்ச்சியான இடம். புதியவர் வந்து சார்ஜ் எடுத்துக்கொண்டால்தான் இவர் கிளம்ப முடியும். புதியவர் பரம எளிமையானவர், எலெக்ட்ரிக் பைக்கில்தான் வருவார் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அலுவலகமே அவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைத் தலைமை எழுத்தர் எனக்குக் கண் கலங்க விவரித்தார். அப்படியே தருகிறேன்.

“யாரைப் பாக்கணும்?” என்று இவர் கேட்டாராம்.

“யாரா இருந்தாலும் சரிங்க. அவசரமா சார்ஜ் எடுத்துக்கணும்.”

தலைமை எழுத்தர் இயந்திரத்திலிருந்து காலை உருவிக்கொண்டு எழுந்தார். “சார்... சார்ஜ் எடுத்துக்கவா வந்திருக்கீங்க?”

“ஆமாங்க. மேல நம்மாளு ஒருத்தர் இருக்கார். இங்க வந்தாப் போதும், உடனே குடுத்துடுவாங்கன்னு அவர்தான் சொன்னார்.”

அத்தான் சொன்னது மாடியில் இருந்த என்னை. தலைமை எழுத்தர் இன்னும் மேலே பார்த்தார். செருப்பைக்கூடத் தேடாமல் இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்க, வாங்க. எத்தனை நாளா உங்களை எதிர்பார்த்துட்டு இருக்கோம். வண்டியிலேயா வந்தீங்க?”

“பாதி தூரம் வண்டியில சார். மீதி தூரம் தள்ளிட்டு வந்தேன்.”

“என்ன எளிமை” என்று இயக்குநர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். தலைமை எழுத்தர் அதை ஆமோதித்தார். “எப்ப சார்ஜ் எடுத்துக்கிறதா உத்தேசம்?”

“இப்பவே கிடைச்சா நல்லது சார். வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன். நாலு மணிக்கு டிஸ்சார்ஜ்.”

“மனைவி ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே கடமைக்கு வந்திருக்கீங்க.”

அத்தானுக்கு இது விளங்கவில்லை. ஆனாலும் சங்கோஜத்தோடு சொல்லியிருக்கிறார். “முழுசாக்கூட வேணாம் சார். பாதி சார்ஜ் குடுத்தாலே போதும். சமாளிச்சுக்குவேன்.”

“அதெப்படி? பாதி சார்ஜை உங்ககிட்ட குடுத்துட்டு மீதியை நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? முழுசா எடுத்துக்கங்க.”

“பெரிய மனசு சார் உங்களுக்கு. கனெக்‌ஷன் எங்க இருக்கு?”

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “அதெல்லாம் போகப் போகத் தெரியும். யாருக்கு எங்கெங்க கனெக்‌ஷன்னு தலைமை எழுத்தர் சொல்லுவார். இப்ப இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

மின்சாரம் எடுத்துக்கொள்வதற்குக் கையெழுத்து கேட்கிறார்கள், முறையான அலுவலகம் என்று நினைத்து அத்தான் போட்டார். கை தட்டினார்கள். ஒரு பிளக் பாயிண்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்து அவரும் சேர்ந்து தட்டினாராம். இயக்குநர் அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, மீன்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்த காரில் ஏறிப் போயே போய்விட்டார். காரை அணைக்காமல் வைத்திருந்ததன் அருமை அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

குழு கலைந்து நான் கீழே இறங்கி வந்தேன். புதிய இயக்குநரைப் பார்க்க வரும்படி சொன்னார்கள். சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். நாற்காலியில் அத்தான் இருந்தார். மேசை மேல் பேட்டரி இருந்தது.

“அத்தான்” என்றேன்.

“என்னது, அத்தானா?” என்றார் தலைமை எழுத்தர்.

“அத்தாட்சி. சார்ஜ் எடுத்ததுக்கு அத்தாட்சி வாங்கியாச்சான்னு கேட்டேன்.”

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால், ஓர் இயக்குநர் தையற்காரரிடம் அலுவலகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார் என்றாகும். மேலதிகாரி தவறு செய்தார் என்பதைக் கண்டுபிடிப்பது எங்கள் அலுவலகத்தில் அந்தத் தவறைவிடப் பெரிய தவறு. தவிர, எனக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. இயக்குநராகவே ஆகிவிட்ட ஒருவருக்கு ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்காமலா போய்விடும்?

தலைமை எழுத்தர் வெளியே போனதும் அத்தான் என் கையைப் பிடித்தார். “மாப்ளே, என்ன நடக்குது இங்க? சார்ஜ் கேட்டா ஆபீஸைக் குடுத்துட்டாங்க. மணி என்ன ஆகுது பாரு. உங்க அக்கா என்னை உயிரோட விடமாட்டா.”

“பதறாதீங்க. பெல்லை அடிங்க. தலைமை எழுத்தரைக் கூப்பிட்டு ஒரு பிளக் பாயிண்ட் வேணும்னு உத்தரவு போடுங்க. ஆனா சார்ஜ்ங்கிற வார்த்தை மட்டும் வேணாம்.”

பெல் அடித்தார். தலைமை எழுத்தர் வந்தார்.

“இதுக்கு...” என்று அத்தான் பேட்டரியைக் காட்டினார். “இதுக்குக் கொஞ்சம் கரண்ட் வேணும்.”

“எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா சார்?”

“ஏத்தத்தான்.”

“அப்ப சார் ஏற்றக் கட்சியா?” தலைமை எழுத்தரின் முகம் வாடியது. அவர் ஊட்டக் கட்சி. “குழு இன்னும் முடிவு பண்ணலையே சார். முடிவு வரதுக்கு முன்னாடி நாமளே ஏத்திட்டா ஒரு பக்கம் சாய்ஞ்சதா ஆயிடும்.”

“சரி, ஏத்த வேணாம். ஊட்டிக்கலாம்.”

“அப்ப இன்னொரு பக்கம் சாய்ஞ்சதா ஆயிடுமே சார்.”

“எந்தப் பக்கமும் சாய வேணாம். ஏதாவது ஒரு பிளக்கைக் கழட்டுங்க.”

“எதைக் கழட்டுறது சார்? மீன் செத்துடும். கெட்டிலைக் கழட்டினா கணக்குப் பிரிவே நின்னுடும். ‘நாளைய நகரத்தை’ அணைச்சா எதிர்காலமே இல்லைன்னு ஆயிடும். என்னோடதைக் கழட்டலாம். ஆனா அது என் கால் சம்பந்தப்பட்டது.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு சார். நீங்க ஒரு கமிட்டி போடலாம். அதுக்கு உங்களுக்கு முழு அதிகாரம் இருக்கு.”

முழு அதிகாரம் என்ற சொல் அத்தானின் காதில் விழுந்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் முதுகு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அந்த நாற்காலியைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதில் உட்கார்ந்தால் முதலில் இடுப்பு மறக்கும், பிறகு வந்த காரியம் மறக்கும்.

“போடுங்க” என்றார் அத்தான்.

காபி வந்தது. பிஸ்கட் வந்தது. ஒவ்வொரு பிரிவாக வந்து வணங்கினார்கள். அத்தான் பழக்க தோஷத்தில் ஒவ்வொருவரையும் தோளிலிருந்து இடுப்புவரை அளந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லோருக்கும் வியர்த்தது. “ஒரே பார்வையில ஆளை எடை போட்டுடறார்” என்று வெளியே பேசிக்கொண்டார்கள். கணக்குப் பிரிவு அம்மாவிடம் “கையைக் கொஞ்சம் தூக்குங்க” என்று அவர் சொன்னதை, வேலையை வேகப்படுத்தச் சொல்லும் மறைமுக உத்தரவு என்று புரிந்துகொண்டு அந்த அம்மா அன்று மதியமே இரண்டு கணக்குகளை முடித்துவிட்டார்.

இதற்கிடையில் ஒரு பாட்டு டீச்சர் வந்தார். கையில் பேட்டரி. முகத்தில் தூசி. “சார், வகுப்புக்குப் போற வழியில வண்டி நின்னுடுச்சு. வாசல்ல இருக்கற தூண் வேலை செய்யலை. ஒரு அரைமணி நேரம் எங்கயாவது சொருகிக்கட்டுமா? பிள்ளைங்க காத்திருப்பாங்க.”

அத்தானின் மேசையில் அதேபோன்ற ஒரு பேட்டரி அதேபோல் செத்துக் கிடந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு முன் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“பாக்கலாம்மா” என்றார். “கமிட்டி போட்டிருக்கோம்.”

பாட்டு டீச்சர் போனார். தயக்கமே இல்லாமல் அந்தச் சொல் வந்து விழுந்த அழகைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பதவிக்காலம் முழுவதும் பழகினாலும் பலருக்கு வராத சொல் அது. இவருக்கு ஒரே மதியத்தில் வந்துவிட்டது.

நாலு மணி தாண்டியது. என் போன் அடித்தது.

“உங்க அத்தான் எங்க?” என்றாள் அக்கா.

“இங்கதான் இருக்கார். இயக்குநர் ரூம்ல.”

“அங்க என்ன பண்றார்?”

“இயக்குநரா இருக்கார்.”

“மயக்க ஊசி எனக்குத்தானேடா போட்டாங்க” என்றாள். பிறகு, “நீ ஆபீஸ்லயே இரு. உன் வீட்டுச் சாவியை வாங்கிக்க வரேன்.”

ஆஸ்பத்திரி வாசலில் ஏறினால் எங்கள் அலுவலகத்து எதிரில் இறக்கிவிடும் பஸ் ஒன்று உண்டு. அக்கா அதில் வந்து இறங்கினாள். பெரிய கறுப்புக் கண்ணாடி, ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் சொட்டு மருந்து. காவலாளி எழுந்து நின்றார். ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்தேன் என்று பின்னால் சொன்னார். அதுவும் தப்பில்லை.

“சாவி” என்று என்னிடம் கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் திரும்பிப் போயிருப்பாள். அதற்குள் உள்ளே பெல் அடித்தது. கதவு திறந்தது. நாற்காலியில் சாய்ந்து, யாருக்கோ போனில் “ஆகட்டும், ஆவன செய்யலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தானை அக்கா பார்த்தாள். உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். கதவைச் சாத்தினேன்.

“கண்ணைத் திறந்ததும் நான் பாக்கற காட்சியா இது?” என்றாள்.

அத்தான் போனை வைத்தார். “நான் சீக்கிரமே கிளம்பிட்டேன் தெரியுமா? வழியில சார்ஜ் போயிடுச்சு. இங்க சார்ஜ் எடுத்துக்கலாம்னு வந்தேன்.”

“குடுத்தாங்களா?”

“குடுத்துட்டாங்க.”

“வண்டிக்கா?”

“இல்லை. ஆபீஸோட சார்ஜ்.”

“வண்டிக்கு?”

“அதுக்கு...” அத்தான் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். “அதுக்கு ஒரு கமிட்டி போட்டிருக்கேன்.”

“யாரு?”

“நான்தான்.”

“உங்க வண்டிக்கு நீங்களே கமிட்டி போட்டிருக்கீங்க.”

“எடுத்தோம் கவுத்தோம்னு செய்ய முடியாதும்மா. ரெண்டு பக்கமும் பாக்கணும். இது பொதுமக்கள் சம்பந்தப்பட்ட விஷயம்.”

அக்கா அவரைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமிருந்திருக்காது.

“ஆஸ்பத்திரி வாசல்ல எல்லாருக்கும் ஆள் வந்துச்சு” என்றாள். “நர்ஸ் வந்து கேட்டா, அம்மா உங்களுக்கு யாரும் இல்லையான்னு. இருக்கார், வந்துட்டு இருக்கார்னு சொன்னேன். மறுபடி வந்து கேட்டா. மறுபடியும் சொன்னேன். மூணாவது தடவை அவ கேட்கலை. எனக்கு அதுதான் தாங்கலை.”

செயற்கை அருவி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் எழுந்தார். அந்த நாற்காலியிலிருந்து தானாக எழுந்த முதல் மனிதர் அவர்தான். என்ன செய்வது என்று தெரியாமல் பேட்டரியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“சார்ஜர் எங்க?” என்றாள் அக்கா.

கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா பேட்டரியை அவர் கையிலிருந்து வாங்கினாள். நேராக வரவேற்பறைக்கு நடந்தாள். புதுக் கண் அல்லவா, எங்கள் யாருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. குனிந்து ‘நாளைய நகரத்தின்’ பிளக்கைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் சார்ஜரைச் சொருகினாள்.

குட்டி பைக்குகள் நடுத்தெருவில் நின்றன. பச்சை பல்புகள் அணைந்தன. சார்ஜரில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

அலுவலகம் முழுவதும் எழுந்து வந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தது. பாதிப் பேர் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. “இதுதான் மின்னூட்டமா?” என்று கணக்குப் பிரிவு அம்மா மெதுவாகக் கேட்டார். “மின்னேற்றம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தலைமை எழுத்தர் மட்டும் இயக்குநரைப் பார்த்தார். “சார், எதிர்காலத்தை அணைச்சுட்டாங்களே. நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“அவங்க எனக்கும் மேல” என்றார் அத்தான்.

தலைமை எழுத்தர் உடனே ஒரு நாற்காலியைத் துடைத்து அக்காவுக்குப் போட்டார். அக்கா பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் தரையில் உட்கார்ந்து, சொட்டு மருந்தை எந்தக் கண்ணுக்கு விட வேண்டும் என்று கேட்டார். “கட்டுப் போட்ட கண் எதுன்னுகூட ஞாபகம் இல்லையா?” என்றாள். ஞாபகம் இருந்தது. சும்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். மருந்து விடும்போது அவர் முகத்தை ரொம்பக் கிட்டத்தில் பார்த்தவள், “இவ்வளவு நரைச்சிருக்கா உங்களுக்கு?” என்றாள். பிறகு, “இந்தக் கோட் யாரோடது? தோள் தொங்குது” என்றாள். அத்தான் கோட்டைக் கழற்றி மடித்துத் துணிப்பைக்குள் வைத்தார்.

வீடு போய்ச் சேரும் அளவுக்குப் பேட்டரி நிறைந்ததும் இருவரும் எழுந்தார்கள். வாசலில் அக்கா என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை மடக்கினாள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “மெதுவாப் போங்க” என்றாள். “லேட்டானா பரவாயில்லை.” வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. என் மனைவி அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தாள் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

அவர்கள் திரும்பிய முனையிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. பழைய இயக்குநருடையதைவிடப் பெரியது, புகையும் அதிகம். இறங்கியவர் நேராகத் தலைமை எழுத்தரிடம் போனார்.

“நான்தான் புது இயக்குநர். சார்ஜ் எடுத்துக்க வந்திருக்கேன்.”

தலைமை எழுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஹெல்மெட் இல்லை. கையில் பெட்டியும் இல்லை. “மன்னிக்கணும். சார்ஜ் மதியமே குடுத்தாச்சே.”

“யாருக்கு?”

“இயக்குநருக்கு.”

“நான்தானேய்யா இயக்குநர்.”

“அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லிக்கலை சார். அந்த அடக்கத்தைப் பாத்துத்தான் குடுத்தோம்.”

புதிய இயக்குநர் இருண்டு கிடந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். சுவரோரம் பிடுங்கிப் போடப்பட்டிருந்த பிளக்கைப் பார்த்தார். “யார் பண்ண வேலை இது?” என்றார். அலுவலகத்தில் அதுவரை நான் கண்டிராத ஒற்றுமையோடு எல்லா விரல்களும் என்னை நோக்கி நீண்டன.

இந்த அலுவலகம் இதுவரை யாருக்கும் சார்ஜ் கொடுத்ததில்லை என்று வெளியே ஏளனம் செய்கிறவர்கள் இனி வாயை மூடிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமையே எனக்கு ஒரு சார்ஜ் மெமோ கொடுக்கப்பட்டது. நல்ல தடித்த காகிதம். மின்வாகன ஊக்குவிப்பு இயக்ககத்தின் வளாகத்துக்குள்ளேயே, பட்டப்பகலில், அலுவலக நேரத்தில், ஒரு மின்வாகனம் ஓடுவதற்குக் காரணமாக இருந்தேன் என்பது என் மேல் உள்ள குற்றச்சாட்டு. விசாரணை முறையாக நடக்கிறது. இப்படியொரு காரியம் இங்கே இதற்கு முன்பு எப்போதாவது நடந்ததுண்டா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துக் கேட்டார்கள். ஒருநாளும் நடந்ததே இல்லை என்று தலைமை எழுத்தரிலிருந்து காவலாளிவரை ஒருவர் விடாமல் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவை அத்தனையும் எனக்கு எதிரான சாட்சியங்கள் என்கிறார் இயக்குநர்.